பிள்ளை பெற்ற பிறகு உடம்பு தேறவும் நிறை குறையவும்: மட்டக்களப்பு, அம்பாறைப் புதுத் தாய்மாருக்கு ஒரு வழிகாட்டி

வயிறு வற்றுவதற்கு முன்னால் வற்ற வேண்டியவை வேறு சில இருக்கின்றன: இரத்தப்போக்கு, கால் வீக்கம், தையலின் நோ. இந்த வரிசையை மாற்றும்போதுதான் சிக்கல் வருகிறது. பிள்ளைக்குப் பதினைந்து நாள் ஆகுமுன்னே சோற்றைக் குறைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் முதல் பிறந்தநாள் வந்த பிறகும் பத்தியகாலத்துச் சாப்பாட்டையும் இருப்பையும் விடாதவர்களும் இருக்கிறார்கள். என் கணிப்பில் நம் பக்கத்தில் இரண்டாவது கூட்டம்தான் பெரிது. கர்ப்பத்தில் ஏறிய நிறை பாதி தானாகவே இறங்கிவிடும். நாற்பது கழித்த பிறகு மெல்ல மெல்ல ஏறுகிற நிறைதான் உடம்போடு தங்கிவிடுகிறது. ஆகவே 42 நாள் வரை தேறுவதைப் பாருங்கள், குறைப்பதை அதன் பிறகு பார்க்கலாம்.

முதலில் கணக்கு

கர்ப்பத்தில் 12 கிலோ கூடிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிள்ளை 3 கிலோ அளவு. நச்சுக்கொடி அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், பனிக்குடத் தண்ணீர் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கீழ். போகிற இரத்தத்தையும் சேர்த்தால், பிரசவத்தோடு ஏறத்தாழ 5 கிலோ இறங்கிவிடும். உடம்பில் தேங்கிய மேலதிக நீர் அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் வியர்வையாகவும் சலமாகவும் போகும். இரவில் உடுப்பு நனைகிற அளவுக்கு வியர்ப்பது இதனால்தான், காய்ச்சல் இல்லாவிட்டால் பயப்படத் தேவையில்லை. பிரசவம் முடிந்த கையோடு ஒரு கிலோ அளவில் இருக்கும் கருப்பை, ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே சுருங்கிவிடும். முதல் கிழமை வயிறு இன்னும் ஐந்து மாதக் கர்ப்பம்போலத் தெரிவதற்குக் கருப்பைதான் முக்கிய காரணம், கொழுப்பு அல்ல.

இவையெல்லாம் போக மிஞ்சுவது 3, 4 கிலோ கொழுப்பு. அது பால் கொடுப்பதற்காக உடம்பு சேர்த்து வைத்த இருப்பு. கர்ப்பத்தில் 18, 20 கிலோ கூடியவர்களுக்கு மிச்சம் இன்னும் அதிகமாக இருக்கும். அதையும் அவசரமில்லாமல் இறக்கலாம்.

வீட்டுக்கு வந்தவுடன்

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ, கல்முனையோ, அக்கரைப்பற்றோ, களுவாஞ்சிகுடியோ, எங்கே பிள்ளை பெற்றிருந்தாலும் வீடு வந்ததும் முதல் வேலை உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கு, அதாவது மிட்வைஃப் மிஸ்ஸுக்கு, ஒரு அழைப்பு. முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவையாவது அவர் வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்க வேண்டும், அதன் பிறகும் வருவார். இதற்குக் காசு கிடையாது. கர்ப்ப காலத்தில் வாழைச்சேனையில் பதிந்துவிட்டு, பிள்ளைப்பேற்றுக்கு ஆரையம்பதியில் இருக்கும் அம்மாவிடம் வந்திருந்தால் இரண்டு இடத்து மிஸ்ஸுக்கும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கிழக்கில் தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் வீடு பெண்ணுக்குச் சேர்ந்தது, பெரும்பாலும் அம்மாவோ உம்மாவோ அதே வளவில் அல்லது பக்கத்து வளவில் இருப்பார். பிள்ளை பெற்றவளுக்கு இது பெரிய வாய்ப்பு. பிள்ளையைத் தூக்க ஆள் இருக்கிறது, சமைத்துப் போட ஆள் இருக்கிறது. இந்த வாய்ப்பை நித்திரைக்குப் பயன்படுத்துங்கள். பிள்ளை உறங்கும்போது நீங்களும் உறங்க வேண்டும், விருந்தாட்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவது வேறு யாருடையதாவது வேலையாக இருக்கட்டும்.

படுத்தே கிடப்பதும் கூடாது. பிரசவத்துக்குப் பிறகு காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுதல். சிசேரியன் செய்தவர்களுக்கு அது இன்னும் கூடுதல். விறாந்தையில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒரு நாளைக்குப் பல தடவை நடந்தால் போதும். சிசேரியன் என்றால் ஆறு வாரத்துக்குப் பிள்ளையைவிடப் பாரமான எதையும் தூக்கக் கூடாது. கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, நிறைந்த வாளி, அரிசிச் சாக்கு, காஸ் சிலிண்டர், மூத்த பிள்ளை, எல்லாமே இதில் அடக்கம். இருமலோ தும்மலோ வந்தால் தலையணையைத் தையலோடு அணைத்துப் பிடியுங்கள். கட்டிலிலிருந்து நேரே எழும்பாமல் ஒரு பக்கம் சரிந்து, கையை ஊன்றி எழும்புங்கள்.

முதல் நாளிலிருந்தே செய்யக்கூடிய ஒரே பயிற்சி இடுப்புத்தளத் தசைக்கானது. சலத்தையும் வாயுவையும் ஒன்றாக அடக்குவதுபோல உள்ளே இழுத்துப் பிடித்து, ஐந்து எண்ணி, மெதுவாக விட வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று தடவை. மூச்சை அடக்கக் கூடாது. சலம் போகும்போது இதைச் செய்யக் கூடாது, ஆஸ்பத்திரியில் சலக்குழாய் போட்டிருந்தால் அதை எடுத்த பிறகு தொடங்கலாம். பால் கொடுக்கும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. இருமும்போது, சிரிக்கும்போது சலம் கசிகிறது என்று நம் பெண்கள் வெளியில் சொல்வதில்லை, அது பிள்ளை பெற்றவளின் விதி என்று விட்டுவிடுகிறார்கள். விதி அல்ல, பலருக்கு இந்தப் பயிற்சியால் குணமாகும். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் கசிந்தால் கிளினிக்கில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இவை வந்தால் காத்திருக்க வேண்டாம்

ஒரு மணித்தியாலத்தில் ஒரு பேட் முழுதாக நனைகிற இரத்தப்போக்கு, பெரிய கட்டிகளாகப் போவது, கெட்ட மணத்தோடு போவது, 38 பாகைக்கு மேல் காய்ச்சல், தையலில் சிவப்போ சீழோ, ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, மூச்சு முட்டுவது அல்லது நெஞ்சு நோ, கண் மங்கலோடு கடும் தலையிடி, வலிப்பு. கர்ப்பத்தில் பிரஷர் இல்லாதவருக்கும் பிரசவத்துக்குப் பிறகு பிரஷர் ஏறலாம் என்பதால் தலையிடியை வெயிலின் மேல் போடாதீர்கள். 1990 இற்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.

மனதையும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் அளவில் காரணமில்லாமல் அழுகை வருவது மிகப் பொதுவானது, பத்து நாளுக்குள் அடங்கிவிடும். இரண்டு வாரத்தையும் தாண்டி அழுகையோ, வெறுமையோ, பிள்ளைமேல் பிடிப்பின்மையோ இருந்தால் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி கிடைக்கும். நித்திரையே இல்லாமல், குழம்பிப் பேசி, காதில் குரல் கேட்பதாகச் சொல்கிற தாயை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கண்ணூறு கழிக்க விரும்பினால் கழியுங்கள், ஆனால் வாகனம் வரும் வரைக்கும்தான்.

பத்தியம்: எதை வைத்திருக்கலாம், எதை விடலாம்

படித்த பெண்கள் பத்தியத்தை மூடத்தனம் என்று ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள், உள்ளி அரைத்த சரக்குக் கறியில் ஒரு துண்டு மீன், கொஞ்சம் சோறு. இதில் எண்ணெய் குறைவு, தேங்காய்ப்பால் குறைவு, புரதம் இருக்கிறது. பால்சுறா வறை, முருங்கை இலைச் சுண்டல், உள்ளி போட்ட கஞ்சி எல்லாம் நல்ல சாப்பாடுதான். உடம்பைப் பெருக்க வைப்பது இந்தக் கறி அல்ல, அதைச் சுற்றி வருகிற மற்றவைதான். அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விட வேண்டிய முதல் கட்டுப்பாடு தண்ணீர்க் கட்டுப்பாடு. பச்சைத்தண்ணி குடித்தால் வயிறு வைக்கும், தையல் சீழ் பிடிக்கும் என்று நாளைக்கு மூன்று நாலு கிளாஸோடு நிறுத்துகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மட்டக்களப்பு வெயிலில், பால் கொடுக்கிற ஒரு பெண்ணுக்கு இது பெரிய கொடுமை. மலச்சிக்கல் வரும், முக்கும்போது தையல் நோகும், சலக்கடுப்பு வரும். நாளைக்கு இரண்டரை முதல் மூன்று லீற்றர் வரை தேவை. அம்மாவோடு சண்டை வேண்டாமென்றால் கொதித்தாறிய தண்ணீராகக் குடியுங்கள், சீரகம் போட்டு அவித்ததென்றால் அவருக்கும் திருப்தி. பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு தடவையும் ஒரு கிளாஸ் என்று வைத்துக்கொண்டால் எண்ணவே தேவையில்லை.

இரண்டாவது, மரக்கறியும் பழமும் குளிர் என்று நாற்பது நாளும் ஒதுக்குவது. பப்பாசி, வாழைப்பழம், கீரை, பயற்றங்காய், பூசணி எதற்கும் தடை இல்லை. மூன்றாவது, முட்டையையும் பருப்பையும் மாந்தம் என்று விலக்குவது. இரத்தம் போன உடம்புக்கு அவைதான் தேவை.

ஆஸ்பத்திரியில் தந்த இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளை நிறுத்தாதீர்கள், பாலூட்டும் ஆறு மாதமும் கிளினிக்கில் தருவார்கள். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடும் கல்சியத்தோடும் சேர்த்துப் போட்டால் சத்துச் சேராது. ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் என்று பிரித்துக்கொள்ளுங்கள், தேத்தண்ணிக்கும் இரும்புக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். தேசிக்காய்த் தண்ணியோடு போட்டால் இன்னும் நல்லது. திரிபோஷா (கிளினிக்கில் தரும் சத்துமா) கிடைத்தால் அது தாய்க்குத்தான், வீட்டிலுள்ள எல்லோருக்கும் உருண்டை பிடிப்பதற்கல்ல.

மூலிகை இலை அவித்த வெந்நீரில் குளிப்பது உடம்பு நோவுக்கு இதம். சிசேரியன் தையலில் மட்டும் அடித்து ஊற்ற வேண்டாம், இலை, மஞ்சள், தூள் எதையும் பூசவும் வேண்டாம். குளித்ததும் சுத்தமான துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள்.

வயிற்றுக்குத் துணி கட்டுவது

இதமாக இருந்தால் தளர்வாகக் கட்டலாம். சிசேரியன் செய்தவர்களுக்கு எழும்பி நடக்கும்போது அது ஒரு பிடிமானம். ஆனால் துணி கொழுப்பைக் கரைக்காது. மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழ்ப்பக்கம் போய், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடுப்புத்தளத் தசையை இன்னும் தள்ளும். கடையில் விற்கும் இறுக்குப் பட்டிகளுக்கும் இதே பதில்.

வயிறு முன்னால் தள்ளி நிற்பதற்கு இன்னொரு காரணம், நடுவயிற்றுத் தசைகள் இரண்டும் கர்ப்பத்தில் விலகியிருப்பது. ஆறு வாரத்துக்குப் பிறகு நீங்களே பார்க்கலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, தலையை மட்டும் கொஞ்சம் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் படுத்தெழும்பும் வயிற்றுப் பயிற்சிகளை விட்டுவிடுங்கள், அவை விலகலைக் கூட்டலாம். மூச்சை வெளியே விட்டபடி தொப்புளை முதுகுப்பக்கம் மெதுவாக இழுத்துப் பிடிப்பதில் தொடங்கலாம். பெரிய ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபிப் பிரிவு உண்டு, கிளினிக் டொக்டரிடம் கடிதம் கேளுங்கள்.

42 ஆம் நாள் அளவில் கிளினிக்

பிள்ளைக்கு ஊசி போடுகிற நாளை மறக்காத குடும்பம் தாயின் பரிசோதனையை மறந்துவிடும். நீங்களே கேட்டு வாங்குங்கள். நிறை, பிரஷர், தையல், இரத்தச்சோகை, மனநிலை எல்லாம் பார்க்க வேண்டிய நேரம் இது. கர்ப்பத்தில் சீனி கூடியிருந்தவர்கள் வெறும் வயிற்றில் ஒரு தடவையும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணித்தியாலத்தில் ஒரு தடவையும் இரத்தம் பார்க்க வேண்டும். அப்போது சரியாக இருந்தாலும் வருடம் ஒரு தடவை பாருங்கள், பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட உங்களுக்குக் கூடுதல். நிறையைக் குறைப்பது இவர்களுக்குத்தான் உண்மையாகவே அவசரம். மற்றவர்களுக்கு ஆறுதலாகச் செய்யலாம்.

குடும்பத்திட்டத்தையும் அன்றைக்கே பேசி முடியுங்கள். டிப்போ என்ற கருத்தடை ஊசியில் சிலருக்கு நிறை கூடும். செம்பு லூப்பில் ஹோர்மோன் இல்லாததால் அந்தத் தொல்லை இல்லை. பாலூட்டும்போது வழமையான கலப்புக் குளிசை (இரண்டு ஹோர்மோன் சேர்ந்த கருத்தடைக் குளிசை) ஆறு மாதம் வரைக்கும் பொருந்தாது.

நாற்பதுக்குப் பிறகு: தேத்தண்ணி, சோறு, பலகாரம்

பால் கொடுக்கிற தாய்க்கு நாளைக்கு மேலதிகமாகத் தேவைப்படுவது 330 முதல் 500 கலோரி வரை. இரண்டு பேருக்குச் சாப்பிடு என்று சொல்வார்கள், ஆனால் இரண்டாவது ஆளுக்குத் தேவைப்படுவது ஒரு முட்டை, ஒரு கோப்பைத் தயிர், ஒரு பழம், கொஞ்சம் கூடுதல் சோறு, அவ்வளவுதான். இப்போது தேத்தண்ணியை எண்ணிப் பாருங்கள். பால் கொடுத்த கையோடு ஒன்று, பிள்ளை பார்க்க வந்தவர்களோடு ஒன்று என்று நாளைக்கு ஆறு கோப்பை. கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி என்றால் 18 கரண்டி. ஒரு தட்டைக் கரண்டி 16 கலோரி. சீனியில் மட்டும் 288 கலோரி, பால்மாவும் பிஸ்கட்டும் இதில் சேரவில்லை. சோற்றில் கைவைக்காமல், இந்தச் சீனியை ஒரு கரண்டியாக இறக்கிப் பாருங்கள். நான் கண்ட மட்டில் அதிகம் பலன் தருகிற ஒற்றை மாற்றம் இதுதான். பிளேன்டீக்குச் சின்னப் பனங்கட்டித் துண்டு கடிப்பதும் ஒரு வழி, துண்டு சின்னதாகவே இருந்தால்.

அடுத்தது சோறு. "இன்னும் ரெண்டு அகப்பை போடவா மகள்?" என்று கேட்கும்போது அம்மாவைத் தடுக்க முடியாது. ஆகவே சாப்பாட்டுக் கோப்பையில் முதலில் சுண்டலையும் மரக்கறியையும் பாதிக்குப் போடுங்கள், மீனையோ பருப்பையோ வையுங்கள், மிச்ச இடத்தில் சோறு. கைகுத்தரிசியோ சிவப்பரிசியோ என்றால் பசி தாங்கும். வாவி மீன், நெத்தலி, சூடை, முட்டை, கடலை எல்லாம் மலிவான புரதம். தேங்காய்ப்பால் கறி ஒரு வேளைக்கு ஒன்று போதும், மற்றக் கறி தேங்காய்ப்பால் விடாத குழம்பாகவோ அவித்ததாகவோ இருக்கட்டும். காலையில் குரக்கன் பிட்டு அல்லது இலைக்கஞ்சி, இரவில் இடியப்பம் என்றால் எண்ணி எடுங்கள். பிட்டும் இடியப்பமும் சோறில்லை என்ற எண்ணத்தில் பத்துப் பன்னிரண்டு போய்விடும்.

பிள்ளை பார்க்க வருகிறவர்கள் கேக், மஸ்கட், தொதல், பிஸ்கட் பெட்டி கொண்டுவருவார்கள். ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புங்கள். இரவு இரண்டு மணிக்குப் பால் கொடுத்த பிறகு வருகிற பசி உண்மையான பசி. அந்நேரத்துக்கு அவித்த கடலையோ வாழைப்பழமோ கட்டில் பக்கத்தில் இருக்கட்டும்.

பட்டினி கிடக்க வேண்டாம். பால் கொடுக்கும் காலத்தில் நாளைக்கு 1,800 கலோரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. கொழுப்புக் கரைக்கும் தேயிலை, மெலிவுக் குளிசை, பவுடர் எதுவும் வேண்டவே வேண்டாம், அதில் இருப்பது பாலோடு பிள்ளைக்குப் போகும். நோன்பு மாதத்தில் பாலூட்டும் தாய்மாருக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. மெலியலாம் என்ற எண்ணத்தில் நோன்பைத் தொடாதீர்கள்.

நடை

சுகப்பிரசவம் என்றால் உடம்பு சம்மதித்த அளவில் வீட்டைச் சுற்றிய நடையை மெதுவாகக் கூட்டலாம். சிசேரியன் என்றால் 42 ஆம் நாள் பரிசோதனைக்குப் பிறகு வேகநடை. இலக்கு கிழமைக்கு 150 நிமிடம், அதாவது அரை மணிநேரம் ஐந்து நாள். பத்து நிமிடமாக மூன்று தடவை பிரித்தாலும் கணக்கு ஒன்றுதான். ஓட்டம், கயிறடி, குதிப்பு மூன்று மாதத்துக்கு முன் வேண்டாம்.

கல்லடிக் கடற்கரையும் பாலமும் காலை ஆறு மணிக்கு நல்ல இடம். சாய்ந்தமருது, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் கடற்கரை வீதியில் காலையில் பெண்கள் கூட்டமாக நடப்பது வசதி. தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் வளவைச் சுற்றி நடந்தாலே போதும். தளர்ந்த மணலில் நடப்பதைத் தொடக்கத்தில் தவிருங்கள், இடுப்பும் முழங்காலும் நோகும். புறப்பட முன் பால் கொடுத்துவிட்டுப் போனால் மார்பு கனக்காது. நவம்பரிலிருந்து மழை பிடித்தால் விறாந்தைதான், அதற்கு முகம் சுளிக்க வேண்டியதில்லை.

அரை மணி நடையில் எரிவது ஏறத்தாழ 100 முதல் 130 கலோரிதான், ஒரு பணிஸ் அதைத் தின்றுவிடும். நடை உடம்பைத் தேற்றும், நித்திரையையும் மனதையும் நேராக்கும். நிறையை இறக்குவது முக்கியமாகச் சாப்பாட்டுக் கோப்பையில் நடக்கிற வேலை.

நிறை பார்ப்பது

கிழமைக்கு ஒரு தடவை, ஒரே தராசில், காலையில். கிழமைக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை இறங்கினால் நல்ல வேகம். ஒரு கிழமை நிற்கும், ஒரு கிழமை ஏறும், அதைப் பெரிதாக எடுக்காதீர்கள். கர்ப்பத்துக்கு முந்திய நிறைக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் வந்தால் போதும். 155 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு 60 கிலோ என்பது உடற்திணிவுச் சுட்டி (உயரத்துக்கு நிறை பொருத்தமா என்று காட்டும் அளவு) 25. ஆசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்குக் கீழ் இருப்பது நல்லது. தராசு அசையாத மாதங்களில் அளவுநாடா சில நேரம் நல்ல செய்தி சொல்லும்.

பால் கொடுத்தாலே மெலிந்துவிடும் என்பது எல்லோருக்கும் பொருந்தாது. சிலருக்கு ஆறு மாதம் வரைக்கும் உடம்பு இருப்பை விடாது. மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டு நடந்தும் நிறை இறங்காமல், கூடவே கடும் களைப்பு, முடி கொட்டுதல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை இருந்தால் தைரொயிட் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். பிரசவத்துக்குப் பிந்திய வருடத்தில் தைரொயிட் குழம்புவது உண்டு. நேர்மாறாக, மளமளவென்று மெலிந்து நெஞ்சு படபடத்தாலும் அதே பரிசோதனைதான். கிளினிக்குக்குப் போகும்போது கர்ப்பகாலக் கொப்பியையும் கொண்டுபோங்கள், முதல் மாதத்தில் எழுதிய உங்கள் நிறை அதில்தான் இருக்கிறது.